அரை அங்குலம் விடாத வீடு

பின்சுவரில் டிராக்டர் மோதியபோது காலை மணி பத்தேகால். அதே பத்தேகாலுக்கு, அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, மொத்தக்கடையில் சட்டைப் பொத்தான் வாங்கிக்கொண்டிருந்த தையல்காரிக்கு வலப்பக்க விலா எலும்பு இரண்டு முறிந்தன. யாரும் அவளைத் தொடவில்லை. கடைக்காரர் அப்போதுதான் பன்னிரண்டு டஜன் வெள்ளைப் பொத்தானை எண்ணி முடித்திருந்தார். அவள் மேசைமேல் சாய்ந்து விழுந்ததில் எல்லாம் சிதறி, மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மாடிப்படியில் விழுந்தாயா, வீட்டுக்காரர் அடித்தாரா என்று இரண்டே கேள்வி கேட்டார். அவள் மாடி வைத்த வீட்டில் இருந்ததே இல்லை. வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. சுவர் இடிந்திருக்கும், அதுதான் என்று அவள் சொன்னாள். டாக்டர் மருந்துச்சீட்டில் ஒரு தூக்க மாத்திரையையும் சேர்த்து எழுதினார்.

அந்தச் சுவர் அவள் தன் கையால் கட்டியது. அவளுடைய அப்பா சாகும்போது மகனுக்குப் பெரிய மனையையும், மகளுக்கு அதன் பின்னால் பன்னிரண்டடிக்கு இருபத்திரண்டடியில் ஒரு துண்டையும் எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்தத் துண்டுக்கு அப்பால் முள்ளும் சாக்கடையும்தான் இருந்தன. நாய்கூட அந்தப் பக்கம் போய்ப் படுக்காது. அண்ணன் தன் மனையில் டயர் கிடங்கு போட்டுப் பெரிய ஆளானார். தையல்காரி பதினோரு வருஷத்தில் நான்கு வாடகை அறைகள் மாறினாள். ஒன்றில் அடுப்பு மேடை மார்பு உயரத்துக்கு இருந்து அவள் தோளைப் பாழாக்கியது. இன்னொன்றில் கதவைத் திறந்தால் தையல் இயந்திரத்தில் இடித்தது. மூன்றாவதில் மகள் படுத்துக் கால் நீட்டினால் குளியலறைக்குள் போனது. எல்லாம் ரெடிமேடு, அதனால்தான் இந்த லட்சணம் என்று அவள் ஒருநாள் முடிவுகட்டினாள். ரெடிமேடு சட்டை யாருக்கும் சரியாக உட்காருவதில்லை. அளவெடுத்துத் தைத்தால் துணியும் குறைவாகப் பிடிக்கும், உடம்புக்கும் ஒத்துவரும். வீட்டுக்கும் அதுதானே கணக்கு.

சட்டைக்கு வெட்டுகிற மாதிரியே காக்கித்தாளில் வீட்டைத் துண்டு துண்டாக வரைந்து வெட்டினாள். பின்சுவர், அவள் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அதைப்போல் இரண்டு மடங்கு. அடுப்பு மேடை அவள் முழங்கை உயரம். கூரை, கையைத் தூக்கினால் விரல் நுனிக்கு மேல் ஒரு சாண். பரண், எட்டு வயது மகள் கால் நீட்டிப் படுக்கிற நீளம். முன்சுவரில் வைக்கிற ஜன்னல், மகள் முகவாயை ஊன்றிக்கொண்டு வெளியே பார்க்கிற உயரம். ஒவ்வொரு தாளின் மூலையிலும் அது யாருடைய அளவு என்று எழுதினாள். வாடிக்கையாளர் துணி மாறிப்போகாமல் இருக்க எப்போதும் செய்வதுதான். இடித்துத் தள்ளிய ஒரு சினிமாக் கொட்டகையின் செங்கல் மலிவாகக் கிடைத்தது. தாயும் மகளுமாக உட்கார்ந்து ஒவ்வொரு கல்லிலும் ஒட்டியிருந்த பழைய சிமெண்டைச் சுரண்டி எடுத்தார்கள். மூலைகளை மட்டும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க ஒரு கொத்தனார் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார்.

"சுவத்துக்குக் காலர் வைக்கணுமா, கை மட்டும் போதுமாம்மா?" என்று கொத்தனார் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

அவள் சிரித்துக்கொண்டே கல்லடுக்கினாள். ஒரே ஒரு தவறுதான் செய்தாள். துணியில் அளவுக்கு மேல் அரை அங்குலம் தையலுக்கு விட வேண்டும் என்பது கத்தரி பிடிக்கிற எவருக்கும் முதல் நாளே தெரிகிற விஷயம். மனை குறுகலாக இருந்ததால் அதை அவள் விடவில்லை. உடம்பின் அளவு எதுவோ அதுவே வீட்டின் அளவு. உடம்புக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு நூல் போகிற இடைவெளிகூட இல்லாமல் போனது அதனால்தான் என்று ஊரில் மற்றத் தையல்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதில் தொழில் பொறாமையும் கொஞ்சம் உண்டு.

வாசல் நிலை வைக்கிற நாளில் அண்ணன் வந்திருந்தார். வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். ஒரு மழைக்குத் தாங்காது, தங்கச்சி அலுத்துப்போய் விட்டுவிடுவாள் என்பது அவர் எண்ணம். பழைய மரக்கடையில் வாங்கிய நிலையைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, எந்த உயரத்தில் அறுப்பது என்று தச்சர் கேட்டார். வீட்டுக்காரி குனிந்து போகலாம், வருகிறவர்கள் குனியக் கூடாது என்று அவள் சொன்னாள். அதுவரை அந்த மனையை எட்டிப் பார்த்த உறவு அண்ணன் ஒருவர்தான். அவரையே நிலைக்கட்டையில் முதுகை ஒட்டி நிற்கச் சொல்லி, உச்சந்தலைக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டாள். தோளுக்குத் தோள் டேப் பிடித்து அகலம் பார்த்தாள். அண்ணன் தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு, பார்த்து வெட்டு, தீபாவளிச் சட்டை மாதிரி வளரும் பிள்ளை என்று பெரிதாகத் தைத்துவிடாதே என்றெல்லாம் கேலி பேசாமல், அன்று ஏனோ மிகவும் அடக்கமாக நின்றார். தாளில் வரையாமல் மரத்திலேயே கோடு போட்டுவிட்டதால், இது யாருடைய அளவு என்று எங்கும் எழுதவில்லை. அன்றைக்கு அவள் சந்தோஷமாக இருந்தாள். அண்ணன் தங்கச்சி என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு வாய்த்த கடைசி நாள் அது.

குடிபோன முதல் வாரத்தில் கத்தரி மாட்ட ஒரு ஆணி அடித்தாள். முழங்கைக்கு மேலே ரத்தம் பொட்டு வைத்தது. சுவர் மழையில் ஊறியபோது அவளுக்குப் பத்து நாள் இருமல். சுண்ணாம்பு அடித்த அன்று உடம்பெல்லாம் அரித்தது. அதே நேரம் சாயங்கால வெயில் பின்சுவரில் விழும்போது, எத்தனையோ வருஷத்து இடுப்புவலி யாரோ ஒத்தடம் கொடுத்தது போல இறங்கியது. புது வீடு என்றால் பழக நாளாகும் என்று அவள் இருந்துவிட்டாள். மூன்றாம் வருஷம் சாக்கடையை மூடி, முள்ளை வெட்டி, அந்தப் பக்கமாக நாற்பதடி அகலத்தில் அரசாங்கம் ரோடு போட்டது. அண்ணனின் கிடங்குக்கும் புது ரோட்டுக்கும் நடுவில், லாரி நுழைகிற இடத்தில், குழந்தை நடுவழியில் உட்கார்ந்துகொண்டது போல அந்த வீடு இருந்தது.

முதலில் அண்ணன் நல்லபடியாகத்தான் கேட்டார். வேறு இடம் பார்த்துத் தருகிறேன், ஊருக்கு வெளியே பெரிய மனையாகவே தருகிறேன் என்றார். அவள் முடியாது என்றாள். ஆள்விட்டுக் கேட்டார், முடியாது என்றாள். கிடங்கின் டிராக்டர் பிரேக் பிடிக்காமல் போனது அதற்குப் பிறகு. போலீஸ் ஸ்டேஷனில் வீட்டுக்கு ஏற்பட்ட சேதத்தை ஒரு தாளிலும் உடம்புக்கு ஏற்பட்ட சேதத்தை இன்னொரு தாளிலும் எழுதிக்கொண்டு, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று மூன்றாவது தாளில் எழுதினார்கள். ஆறு வாரம் ஆகும் என்று டாக்டர் சொன்ன விலா எலும்பு, மூன்றாவது வாரத்தில் கொத்தனார் வந்து சுவரின் ஓட்டையை அடைத்து மேலே பூசி முடித்த அன்று மத்தியானமே கூடிவிட்டது. கலவை காயக் காய அவளுக்கு மூச்சு முழுசாக வந்தது. அப்போதுதான் அவளுக்கு விஷயம் சந்தேகமறத் தெரிந்தது. நேரே கிடங்குக்குப் போனாள்.

"அண்ணா, அந்தச் சுவர் என் உடம்பு. அதுல இடிச்சா எனக்குத்தான் முறியுது" என்றாள்.

அண்ணன் ஒரு டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நீ தள்ளி நில்லு. சுவரும் தானா தள்ளிக்கும்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, கிடங்கில் சுமை தூக்குகிற இரண்டு பேரில் ஒருவன் எறிந்த கல் முன்பக்க ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து, தைத்துக் குவித்திருந்த பள்ளிச் சீருடைகளின் மேல் விழுந்தது. தையல்காரி கல்லையும் பார்க்கவில்லை, கண்ணாடியையும் பார்க்கவில்லை. செருப்புப் போடாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த மகளின் இடது புருவம் தானாகப் பிளந்து இமைவரை இறங்கியிருந்தது. வெள்ளைச் சட்டையில் பாதி சிவப்பாகிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்தான் எதையோ எறிந்தாள் என்று டீச்சர் அவளை முட்டி போட வைத்திருந்தார். அந்தப் பெண்ணை எழுப்பி உட்கார வைத்துவிட்டுத்தான் தையல்காரி தன் மகளைத் தூக்கினாள். டாக்டர் ஆறு தையல் போட்டார். கோணல் தையல் என்பதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தன் விலா முறிந்தபோதுகூட வராத பயம் அன்றுதான் வந்தது.

கண்ணாடி மாட்டினால் கண் ஆறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஊரில் எந்தக் கண்ணாடிக் கடையிலும் அவளுக்குக் கண்ணாடி இல்லை என்றார்கள், அண்ணன் சொல்லிவைத்திருந்தார். வெளியூர் போய் வாங்கலாமென்றால், வீட்டை ஒரு நாள்கூடக் காவலில்லாமல் விட்டுப் போக அவளுக்குத் துணிவில்லை. ஜன்னலுக்கு அட்டையை வைத்து ஆணியடிக்காமல் பசை போட்டு ஒட்டினாள். மறுநாள் மகள், "அந்தக் கண்ணுல எல்லாம் அட்டைக் கலரா தெரியுதும்மா" என்றாள். வாரம் ஒன்றானது, இரண்டானது. அட்டை மழையில் நைந்துகொண்டே வந்தது. பெண்ணுக்கு அந்தக் கண்ணில் சீழ் கோத்தது. இப்படியே போனால் எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் நடந்தது கிடங்குக்கும் எட்டியது. அடுத்த முறை போகச் சொன்னபோது சுமை தூக்குகிற இருவரும், எங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வேலையை விட்டே போய்விட்டார்கள். கல்லெறிந்தவன் ஊரையும் விட்டுப் போனான். அதனால் புதன்கிழமை காலையில் அண்ணன் தானே சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கடப்பாரையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். தெருவில் முப்பது பேர் கூடினார்கள். எந்தச் சண்டைக்கும் கூடுகிற அதே முப்பது பேர்.

தையல்காரி வாசலை மறித்து நின்றாள். அவர் அவள் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்து உள்ளே வீசினார். தையல் இயந்திரத்தின் விளிம்பில் வாய் மோதி ஒரு பல் போனது. அவள் எழுந்து வந்து பெரிய கத்தரியை அவர் முன்கையில் இறக்கினாள். அது கொஞ்சம்தான் இறங்கியது. அவர் கத்தரியைப் பிடுங்கிச் சாக்கடை மூடியின் மேல் எறிந்துவிட்டு, அவள் வயிற்றில் உதைத்தார். பரணுக்குக் கீழே கட்டுப்போட்ட கண்ணோடு உட்கார்ந்திருந்த மகளை வெளியே போகச் சொன்னார். அவள் போகவில்லை. இருந்தால் இரு என்றார். நிலையைப் பெயர்த்தால் முன்சுவர் ஜன்னலோடு சேர்ந்து தானே உட்கார்ந்துவிடும் என்பது வீடு இடிக்கத் தெரிந்த எவருக்கும் தெரியும். அவர் இடதுபக்க நிலைக்கட்டையை ஒட்டி நின்று காலை அகட்டிக்கொண்டார்.

தரையில் கிடந்தபடி தையல்காரி அவரைப் பார்த்தாள். அவருடைய உச்சந்தலைக்கு நேராக, மரத்தில், மூன்று வருஷத்துப் பென்சில் கோடு இருந்தது. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சொல்ல வாயெடுத்தாள். மகளின் கட்டுப்போட்ட கண்ணைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

முதல் அடி முட்டி உயரத்தில் விழுந்தது. மரம் தெறித்தது. அண்ணன் தன் இடது முட்டியைக் குனிந்து பார்த்தார்; சம்மட்டி தவறிப் பட்டுவிட்டதோ என்று நினைத்தார் போலும். படவில்லை, ஆனால் முட்டிச் சில்லு இடம் மாறியிருந்தது. வலித்தால் கோபம் வருகிற ரகம் அவர். முன்னைவிட ஓங்கி அடித்தார். அது தொடை உயரம். உள்ளே எலும்பு முறிந்த சத்தம் மரம் முறிந்த சத்தத்தோடு சேர்ந்து வந்ததால் தெருவில் இருந்தவர்களுக்கு ஒரு சத்தமாகத்தான் கேட்டது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, தன்னை யாரோ பின்னாலிருந்து அடிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. வாயில் வந்த வசையெல்லாம் வைதபடி மூன்றாவது அடியைத் தோள் உயரத்தில் போட்டார். காறையெலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அதன்பிறகும் விடவில்லை. விழுந்த இடத்திலிருந்தே கடப்பாரையை நிலைக்கும் சுவருக்கும் நடுவில் சொருகி, ஒற்றைக் கையால் நெம்பினார். இடுப்பு கழன்றது. அப்போது அவர் போட்ட சத்தத்தில் முப்பது பேரில் இருபது பேர் போய்விட்டார்கள்.

தையல்காரி ஊர்ந்து வந்து கடப்பாரையை அவர் கையிலிருந்து எடுத்து அப்பால் வைத்தாள்.

"போதும் அண்ணா. இது உன் அளவு."

அவர் அண்ணாந்து பென்சில் கோட்டைப் பார்த்தார். "முதல் அடியிலயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சுவரைப் பத்தி அன்னிக்கே சொன்னேனே" என்றாள் அவள். வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பிவிட்டு மகளிடம் போனாள்.

மருத்துவமனையில் அண்ணனுக்குத் தகடு வைத்தார்கள், கம்பி வைத்தார்கள், கட்டித் தொங்கவிட்டார்கள். எலும்பு கூடவில்லை. கூடுவதற்கான அறிகுறியே இல்லை என்று டாக்டர்கள் கூடிப் பேசினார்கள். இங்கே பிளந்த கட்டையும் சரிந்த நிலையும் வாசலில் அப்படியே கிடந்தன. தையல்காரி ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டுக்கொண்டு சட்டை தைத்தாள். நாற்பது நாள் அப்படி. அந்த நாற்பது நாளும் அவள் நன்றாகத் தூங்கினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடுப்புக்கு விறகு தீர்ந்துபோன ஒரு மத்தியானம், கோடரியை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அதே மத்தியானம் மருத்துவமனையில் அண்ணன், தன் கட்டிலுக்குப் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், எழுந்து போகச் சொல்லுங்கள் என்று நர்சைக் கெஞ்சினார். அவள் பக்கத்து வீட்டில் நாலு சுள்ளி கடன் வாங்கிச் சமைத்தாள்.

நாற்பத்தோராம் நாள் அண்ணி வந்தாள். தார்ப்பாயை விலக்காமல் வெளியிலேயே நின்று, "அந்தக் கட்டைய மட்டும் சேத்துக் குடுத்துடு. வேற எதுவும் கேக்கல" என்றாள்.

தையல்காரி இயந்திரத்தை நிறுத்தவில்லை. "முதல்ல ஜன்னலுக்குக் கண்ணாடி" என்றாள்.

அண்ணி வெளியூருக்குப் போய்க் கண்ணாடி வெட்டி, அதைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் அசையாமல் உட்கார்ந்து வந்தாள். அட்டையைக் கிழித்துவிட்டுக் கண்ணாடியை மாட்டியபோது மணி மூன்று. ஐந்து மணிக்கு மகள் கண்ணின் கட்டை அவிழ்க்கச் சொன்னாள். கண் திறந்தது. அத்தையின் புடவை பச்சை என்று சொன்னாள். அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள், தையல்காரியும் அழுதாள். ஒருத்தி அழுவதை மற்றவள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

மறுநாள் தச்சர் வந்து பார்த்தார். புது நிலை வாங்கிவிடலாம், இதை ஒட்டுவதற்கு ஆகிற செலவில் புதிதே வரும் என்றார். இதேதான் வேண்டும் என்று அவள் சொன்னாள். பிளவைச் சேர்த்து இறுக்கி, இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து, எட்டு போல்ட் முடுக்கினார்கள். போல்ட்டுக்குத் துளை போட்ட அந்த அரைமணி நேரம், மருத்துவமனையில் நான்கு பேர் அண்ணனைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மெதுவாகத் துளை போடச் சொல்லியிருக்கலாம், அவள் சொல்லவில்லை. ஆனால் எட்டாவது போல்ட்டைத் தச்சர் கையிலிருந்து வாங்கித் தானே முடுக்கினாள், மரம் நோகாத அளவுக்கு. ஒரு வாரத்தில் அண்ணன் எழுந்து நின்றார். முறிந்த கட்டையில் தெறித்துப்போனது போனதுதான் என்பதால் இடதுபக்கம் இரண்டு விரற்கடை குறைந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் இடப்பக்கம் சாய்ந்துதான் நடக்கிறார், நிலையும் இடப்பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது.

லாரிகள் இப்போது மறுபக்கமாகச் சுற்றி வருகின்றன. மகள் வளர வளர ஜன்னலும் வருஷத்துக்கு ஓர் அங்குலம் மேலே ஏறியது. கொத்தனார் ஒவ்வொரு கோடையிலும் வந்து சுற்றிலும் விழுந்த விரிசலைப் பூசிவிட்டுப் போவார். பிறகு அவள் வளர்வது நின்றது, ஜன்னலும் நின்றது. சின்ன மனை வைத்திருக்கிறவர்கள் காக்கித்தாளில் வீடு வரைந்துதரச் சொல்லித் தையல்காரியிடம் வருகிறார்கள். எல்லோருக்கும் மறக்காமல் அரை அங்குலம் விட்டு வெட்டிக் கொடுக்கிறாள். அண்ணன் கிடங்கை விற்றுவிட்டு ஊரின் அந்தக் கோடிக்குக் குடிபோனார், தூரம் உதவவில்லை. கரையான் சீசனுக்கு முன்பு அண்ணி ஒரு டப்பா மர எண்ணெயோடு வந்து நிலையின் அடியிலிருந்து உச்சிவரை தடவிவிட்டுப் போகிறாள். அண்ணன் வருவதில்லை. இடப்பக்கம் இறங்கிவிட்ட அந்த வாசலில் இப்போது அவராலும் குனியாமல் நுழைய முடியாது.

நிலை சாய்ந்துவிட்டதால் கதவு சும்மா சாத்தினால் சாத்திக்கொள்ளாது. பெரும்பாலான நாட்களில் தையல்காரி கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, தோளால் மெல்ல அழுத்திச் சாத்துகிறாள். விட்டுப்போன பல்லின் இடத்தில் நாக்கு தட்டுப்படுகிற சில நாட்களில் ஓங்கிச் சாத்துகிறாள். ஊரின் அந்தக் கோடியில் அண்ணன் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு, எது கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். அண்ணி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள். என்ன ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை.